வேலூரிலிருந்து பவளத்திட்டு அலைக்கு: பாஸ்போர்ட் முதல் கடைசிக் கீறல் வரை

பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. ஆனாலும் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போய் சர்ஃபிங் என்கிற அலைச்சறுக்குப் பலகையில் நிற்கக் கற்றுக்கொண்டு, அடுத்து மாலத்தீவுப் பவளத்திட்டின் மேல் உடைகிற அலை ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகள் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்தில் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கிளம்புகிறவர்களுக்கானவை. அவர்களுக்கு இனிஷியல் தொல்லை கிடையாது, மாவட்டம் மூன்றாகப் பிரிந்த தொல்லையும் கிடையாது. நமக்கு உண்டு. நான் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல் கடலில் இல்லை, காகிதத்தில்தான்.

1. எதற்காகப் போகிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

கோவளத்தில் அலை பெரும்பாலும் மணல் மேல் உடைகிறது. மணல் இடம் மாறும், அதனால் போன மாதம் அருமையாக உடைந்த இடத்தில் இந்த மாதம் ஒன்றுமே இருக்காது. பவளத்திட்டு நகராது. ஆழ்கடலில் தடையில்லாமல் வருகிற அலை திடீரென்று ஆழம் குறைந்த திட்டில் மோதும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் எழும்பிக் கவிழ்கிறது. அலையின் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை மடங்கு ஆழம் வந்ததுமே உடைந்துவிடும் என்பது பொதுக்கணக்கு. ஒன்றரை மீட்டர் அலை என்றால் கீழே இரண்டு மீட்டர் தண்ணீர்தான் இருக்கும். செங்குத்தான திட்டில் அதுவும் இருக்காது. திட்டின் விளிம்பு சரிவாக ஓடுவதால் அலை ஒரே நேரத்தில் மொத்தமாகச் சரியாமல், ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரைக்கும் உரிந்துகொண்டே போகும். இன்று எப்படி உடைந்ததோ, அதே திசையிலிருந்து அதே அளவு அலை வந்தால் அடுத்த வருடமும் அப்படியேதான் உடையும். பக்கத்திலேயே ஆழமான கால்வாய் இருக்கும். பலகையில் படுத்து, கைகளாலேயே துடுப்புப் போட்டு, அதன் வழியாகத் தலை நனையாமல் உள்ளே போகலாம், படகு அங்கேயே நிற்கும். சர்ஃபிங் ஆட்கள் காசைக் கொட்டிக்கொண்டு அங்கே போவது இதற்காகத்தான்.

அபாயமும் இதே காரணத்தால்தான் வருகிறது. கீழே இருப்பது கல். விழுந்தால் மணல் மாதிரி வாங்கிக்கொள்ளாது. அதனால் விழவும் எழவும் மணலில் கற்று முடித்துவிட்டுப் போங்கள். திட்டு அதற்கான இடம் இல்லை.

2. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மாலத்தீவில் அலைக்காலம் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை பெரிய அலை, அது நம் போன்றவர்களுக்கு வேண்டாம். மார்ச்–ஏப்ரல் அல்லது செப்டம்பர்–அக்டோபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை அளவாக இருக்கும், அறை வாடகையும் டிசம்பர், ஜனவரி கூட்ட நேரத்தைவிட இறங்கியிருக்கும்.

ரம்ஜான் நோன்பு எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். மக்கள் வசிக்கும் தீவுகளில் நோன்புக் காலத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். படகு நேரங்களும் மாறும். விடுதியில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சாப்பாட்டுக்குச் சமாளிக்கலாம், ஆனால் நாலு மணி நேரம் கடலில் கிடந்துவிட்டு வந்து பிஸ்கட் தேடுவது கொடுமை.

இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி ஆறு மாதம் எண்ணுங்கள். பாஸ்போர்ட் வேலையையும் கோவளப் பயிற்சியையும் அந்த ஆறு மாதத்தில் ஒன்றாகவே தொடங்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்று போனால் அலைக்காலம் போய்விடும். ஒரு விஷயம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கரைக்கடல் கலங்கலாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். புதியவர்கள் அந்த மாதங்களைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். மார்ச்–ஏப்ரலில் போகிறவர்கள் அதற்கு முந்தைய ஜூலையிலேயே தண்ணீரில் இறங்கினால்தான் கணக்கு சரியாக வரும்.

3. பாஸ்போர்ட், அதாவது உண்மையான முதல் அலை

பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பயணம் முடிகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருந்தால் விமான நிலையத்தில் யாருடனும் வாதாட வேண்டியிருக்காது.

இல்லாதவர்கள் பாஸ்போர்ட் சேவா என்ற வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் மட்டும் விண்ணப்பம் போடுங்கள். தேடினால் முதலில் வருகிற தளங்களில் பல, அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு கூடுதல் காசு வாங்குகிறவை. 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000 சேர்ந்து 3,500. நமக்கு மண்டல அலுவலகம் சென்னை. ஆனால் வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் சாலிகிராமத்துக்கும் தாம்பரத்துக்கும் அலைய வேண்டாம். அங்கே நேரம் கிடைக்கவில்லை, பயணம் நெருங்குகிறது என்றால் சென்னை மையங்களையும் பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், பிறந்த தேதிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முகவரிச் சான்று, எல்லாவற்றுக்கும் அசலும் நகலும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். அது இருந்தால் குடியேற்றச் சோதனை தேவையில்லை என்ற பிரிவில் பாஸ்போர்ட் வரும். இந்தப் பயணத்துக்கு அது அவசியம் இல்லை, ஆனால் பின்னால் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே முடிந்துவிடும்.

இனி பொறிகள். பெரியது இனிஷியல். நம் சான்றிதழ்களில் 'எஸ். கார்த்திக்' என்று இருக்கும், ஆதாரில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும், பான் அட்டையில் 'கார்த்திக் செல்வம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கவுன்டரில் திருப்பி அனுப்ப நிறைய வாய்ப்பு. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஆதாரில் பெயரை விரித்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும், அதையும் ஆறு மாதக் கணக்கில் சேருங்கள். பிறகு விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்து, அதே வரிசை. நண்பன் போட்டுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப் பெயரைப் பார்த்து டிக்கெட் போடவிடாதீர்கள்.

அடுத்தது மாவட்டம். 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பலருக்கு ஆதாரில் இன்னமும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தையும் உங்கள் வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ அதையும் சரியாகப் போடுங்கள். இல்லையென்றால் போலீஸ் விசாரணைக் கோப்பு ஒரு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே 'எங்கள் எல்லை இல்லை' என்று திரும்பி, நீங்கள் குறுஞ்செய்திக்காகக் காத்துக் கிடப்பீர்கள். எனக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பழைய மாவட்டத்தைத் தட்டிவிட்டார்கள், அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஒரு அலைக்காலமே கடந்துவிட்டது.

மூன்றாவது, சென்னையிலோ பெங்களூரிலோ அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்கள். போலீஸ்காரர் வீட்டுக்கு வரும்போது நீங்கள் அங்கே வசிப்பதாகத் தெரிய வேண்டும். ஊர் முகவரியைப் போட்டுவிட்டு ஆளே ஊரில் இல்லையென்றால் பாதகமான அறிக்கை போகும். எங்கே உண்மையில் இருக்கிறீர்களோ அந்த முகவரியைப் போடுங்கள். அறிமுகத்துக்கு இரண்டு பேர் பெயர் கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் போனை எடுக்கிற ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். இந்த விசாரணைக்குத் தனியாகக் கட்டணம் எதுவும் கிடையாது.

4. நீச்சலும் கோவளமும்

நம் பக்கத்தில் பலர் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். மேலிருந்து குதிப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கிணற்று நீச்சல் என்பது நாலு கை போட்டால் சுவர் வந்துவிடுகிற நீச்சல். கடலுக்கு வேண்டியது வேறு: நிற்காமல் 400 மீட்டர், நடுவில் எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் தண்ணீரில் மிதந்தபடி நிற்பது, தண்ணீருக்குள் உருட்டிவிட்டாலும் பதறாமல் பதினைந்து விநாடி மூச்சைப் பிடித்திருப்பது. ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் மாதச் சந்தா கட்டி இதை முடித்துவிடுங்கள். மூச்சுப் பயிற்சியைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள், கரையில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இன்னொன்று, கிணற்றில் பழகியவர்களுக்குத் தலைகீழாகப் பாய்கிற பழக்கம் இருக்கும். அதை இப்போதே விடுங்கள். திட்டில் அது கழுத்தை முறித்துவிடும்.

கோவளத்துக்கு வழி: காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம். பேருந்தில் மாறி மாறிப் போனால் அரை நாள் போய்விடும். காலை அலைதான் நல்ல அலை, கரையிலிருந்து காற்று வீசுகிற நேரம் அது. அதனால் சனிக்கிழமை மாலையே போய்த் தங்கிவிட்டு ஞாயிறு விடியலில் இறங்குவதுதான் நமக்குச் சரிப்படும். இரண்டு மூன்று பேராகப் பைக்கில் போனால் செலவும் குறையும். அறை தேடும்போது ஒரு எச்சரிக்கை: முன்பதிவுத் தளங்களில் கோவளம் என்று போட்டால் கேரளத்துக் கோவளம்தான் முதலில் வரும். காசு கட்டுவதற்கு முன்பு மாவட்டத்தைப் பாருங்கள்.

பலகையோடு ஒரு வகுப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்ற அளவில் ஆகும். தொடர்ந்து வருவதாகச் சொன்னால் குறைப்பார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களிடம் பலகையில் நிற்பதை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். இன்று காற்று எந்தப் பக்கம், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, ஏன் இந்த இடத்தில் இறங்க வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தக் கண் வேறு எங்கும் கிடைக்காது.

எப்போது தயார்? உடைந்த நுரையில் நேராக வந்து நிற்பதெல்லாம் கணக்கில் சேராது. உடையாத பச்சை அலையை நீங்களே துடுப்புப் போட்டுப் பிடித்து, எழுந்து, அலையின் முகத்தில் பக்கவாட்டில் திரும்பி ஓட வேண்டும். பத்துக்கு ஆறேழு முறையாவது அது நடக்க வேண்டும். பெரிய அலை தலைமேல் வரும்போது பலகையை விட்டெறியாமல், அதோடு கவிழ்ந்து அடியில் தொங்கி, அலை போனபின் திரும்ப நிமிரத் தெரிய வேண்டும். இது வராதவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

5. எந்தத் தீவு, எந்த அலை

புதியவர்களுக்கு வடக்கு மாலே பவளத்தீவுக் கூட்டம் போதும். விமான நிலையத்துக்குப் பக்கம், வேகப்படகில் அரை மணி, முக்கால் மணியில் போய்விடலாம். மக்கள் வசிக்கும் தீவுகளான துலுஸ்தூவிலும் ஹிம்மஃபுஷியிலும் சிறு விருந்தினர் விடுதிகள் உண்டு. ரிசார்ட் விலையைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் இங்கே வந்து எழுந்துகொள்ளலாம்.

துலுஸ்தூவில் இறங்கினால் எதிரெதிரே இரண்டு அலைகள். கோக்ஸ் என்பது வலப்பக்கம் ஓடுவது. தீவில் இருக்கிற கோகோ கோலா ஆலையால் அந்தப் பெயர். வேகமானது, கனமானது, ஆழம் குறைந்தது. கரையில் உட்கார்ந்து பாருங்கள், போதும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் சிக்கன்ஸ் என்ற இடப்பக்க அலை, நீளமாக ஓடும். சின்ன நாளில், வழிகாட்டியோடு, அதன் ஓரத்தில் முயலலாம். ஹிம்மஃபுஷி பக்கத்து ஜெயில்பிரேக்ஸ் வலப்பக்க அலை, அதற்கும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். படகில் போகிற தூரத்தில் நின்ஜாஸ் என்று மெதுவாக உடைகிற அலை ஒன்று உண்டு. நம் போன்றவர்களின் முதல் நாளுக்கு அதைக் கேளுங்கள்.

பொறி என்னவென்றால், சில அலைகள் ரிசார்ட்டுக்குச் சொந்தம் மாதிரி. பாஸ்டா பாயிண்ட் போன்றவற்றில் அந்த ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் மட்டும்தான் இறங்கலாம். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, பக்கத்துத் தீவில் மலிவு அறை எடுத்துவிட்டுப் போய் நின்றால் விடமாட்டார்கள். விடுதிக்கு எழுதும்போது நாலு கேள்வி கேளுங்கள்: உங்கள் படகு எந்தெந்த அலைக்குப் போகும், ஒரு நாளைக்கு எத்தனை முறை, வழிகாட்டி தண்ணீருக்குள் இறங்குவாரா அல்லது படகிலேயே இருப்பாரா, பலகை வாடகை விலையில் சேர்ந்ததா. மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு விடுதி பாருங்கள்.

6. டிக்கெட், வரிகள், பணம்

இந்தியர்களுக்கு மாலத்தீவு சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், இறங்கும்போது தருவார்கள், கட்டணமும் இல்லை. ஆனால் திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் இவை கையில் இருக்க வேண்டும். போனில் மட்டும் வைத்திருக்காமல் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் பயணி விவரப் படிவம் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் ஒன்று. இரண்டும் இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது வேறு யாரோ நடத்துவது.

நமக்கு அருகில் சென்னை விமான நிலையம். பேருந்தில் போனால் பூந்தமல்லியில் இறங்கி மாறிக்கொள்ளலாம். பெங்களூரு தேவனஹள்ளி தூரம் அதிகம், ஆனால் டிக்கெட் விலை வித்தியாசம் அந்த அலைச்சலுக்குத் தகுமா என்று பார்த்து முடிவெடுங்கள். கொச்சியையும் ஒரு கண் பாருங்கள், காட்பாடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். எதில் போனாலும் மாலேயில் பகலில் இறங்குகிற விமானமாக எடுங்கள். இரவு வெகு நேரம் கழித்து இறங்கினால் தீவுக்குப் படகு இருக்காது, விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவு அறைக்குத் தண்டம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அரசுப் படகுகள் ஓடாமல் இருக்கலாம், தனியார் வேகப்படகும் குறைவு. வெள்ளியன்று போய் இறங்காதீர்கள்.

விலைகளைப் பார்க்கும்போது கீழே சின்ன எழுத்தில் இருப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். சிறு விருந்தினர் விடுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர் பசுமை வரி, ரிசார்ட் என்றால் 12. அதற்கு மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம், பல இடங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். விடுதி தருகிற அறை, படகு, பலகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் இந்தச் சதவீதக் கணக்கு பொருந்தும் என்பதால், 'வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு' என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணிகள் நாட்டை விட்டுப் புறப்படும்போது கட்டுகிற வரியும் விமான நிலையக் கட்டணமும் எகானமி வகுப்பில் சேர்ந்து 100 டாலர், இது டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். டிக்கெட் ஏன் இவ்வளவு என்று நீங்கள் முறைக்கும்போது அதில் ஒரு பங்கு இதுதான்.

இந்திய டிராவல்ஸ் மூலம் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். (விற்கிறவரே முன்கூட்டி வசூலிக்கிற வருமான வரி) என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் விசாரித்த ஒரு முகவர் இதைச் சொல்லாமல் கடைசி நாளில் தொகையை ஏற்றினார்.

டாலருக்கு எங்கும் ஓட வேண்டாம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோடு பக்கம் அன்னியச் செலாவணிக் கடைகள் உண்டு, வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களால் நடக்கிற வியாபாரம் அது. ரிசர்வ் வங்கி உரிமம் மாட்டியிருக்கிற கடையாகப் பார்த்து, பாஸ்போர்ட், பான், டிக்கெட் காட்டி, ரசீதோடு வாங்குங்கள். சில்லறையாக ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்கள் கேளுங்கள். அங்கே ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா (அந்த நாட்டு நாணயம்) என்பது நிலையான மதிப்பு, கடையில் 15 என்று சொன்னால் அந்தச் சில்லறை அவர்களுக்கு. கிளம்புவதற்கு முன்பு வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள், புதுக் கார்டுகளில் அது மூடியேதான் வருகிறது.

காப்பீடு எடுக்கும்போது சர்ஃபிங் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல சாதாரணப் பயணக் காப்பீடுகளில் 'சாகச விளையாட்டு' என்று தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் கூடக் கட்டினாலும் அது சேர்ந்த திட்டமாக எடுங்கள். தீவில் சிறு சுகாதார நிலையத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, எலும்பு முறிந்தால் படகேறி மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அந்தப் படகுக்கே டாலர் கணக்கில் ஆகும்.

7. பையில் என்ன

பலகை கொண்டுபோகாதீர்கள். விமான நிறுவனத்துக்கு நிறுவனம் நீள வரம்பும் கட்டணமும் மாறும், இறக்கும்போது மூக்கு உடைந்திருந்தால் கேட்க நாதி கிடையாது. அங்கேயே ஏழு அடி, ஏழரை அடிப் பலகை வாடகைக்கு எடுங்கள். கையில் வாங்கியதும் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பழைய விரிசலுக்கு உங்களிடம் காசு கேட்பது நடக்கிறது.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: முழுக்கை ரேஷ் கார்டு எனப்படும் இறுக்கமான நீச்சல் சட்டை (தண்ணீர் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும், குளிருக்கான வெட்சூட் வேண்டாம்), அடி கெட்டியான ரீஃப் ஷூ, மென்மையான சர்ஃப் ஹெல்மெட், வெயிலுக்கு முகத்தில் பூசத் துத்தநாகப் பசை, பலகையில் கால் வழுக்காமல் தேய்க்க வெப்பக்கடலுக்கான மெழுகு, நல்ல லீஷ், அதாவது பலகையைக் கணுக்காலோடு கட்டுகிற கயிறு. லீஷின் மீது கஞ்சத்தனம் வேண்டாம், திட்டில் அது அறுந்தால் பலகை ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். ஹெல்மெட்டைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மதுவும் பன்றி இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள். வேப் எனப்படும் மின் சிகரெட்டுக்கும் தடை. வழிபாட்டுச் சிலைகளும் சுங்கத்தில் சிக்கல். மக்கள் வசிக்கும் தீவில் மது கிடையாது, ஊருக்குள் உடம்பை மூடி நடக்க வேண்டும், நீச்சல் உடைக்கு என்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். சைவக்காரர்கள் ஊறுகாயும் பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் கடைக்கு வருகிற மாசிக்கருவாடு பிறந்த இடம் அது, எதைத் தொட்டாலும் சூரை மீன் இருக்கும்.

8. திட்டின் மேல் முதல் நாள்

அலை கணிப்பை ஐந்தாறு நாள் முன்பே பார்க்கலாம். அங்கே வருகிற அலை தெற்கே வெகு தூரத்தில் புயல் வீசுகிற பெருங்கடலில் பிறந்தது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் பதினைந்து விநாடி இடைவெளி என்றால் கூட்டமாக மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் நகரும், வந்து சேர ஆறு நாள் போல ஆகும். கணிப்பில் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மீட்டர், எட்டு விநாடி என்பது கோவளம் மாதிரி. அதே ஒரு மீட்டர், பதினைந்து விநாடி என்றால் திட்டில் தலைக்கு மேல் எழும்பும். முதல் நாளுக்கு ஒரு மீட்டருக்குக் கீழே, பன்னிரண்டு விநாடிக்குள் இருக்கிற நாளைத் தேர்ந்தெடுங்கள். வற்று நேரத்தில் இறங்காதீர்கள், பாதி ஏற்றத்திலிருந்து முழு ஏற்றம் வரை நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்ற வற்றத்துக்கு ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம், ஆனால் உங்களுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பதே அந்த ஒரு மீட்டர்தான்.

தோணி போய் நின்றதும் குதிக்காதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் மூன்று நாலு பெரிதாக ஒன்றாக வரும், பிறகு அமைதி. பெரிய கூட்டம் எங்கே உடைகிறது, எங்கே முடிகிறது, மற்றவர்கள் எந்த வழியாகத் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் திரும்புகிற வழிதான் கால்வாய். இறங்குவதும் ஏறுவதும் அதன் வழியாக மட்டும்.

உட்கார்ந்திருக்கும்போது நீரோட்டம் உங்களுக்குத் தெரியாமலே தள்ளும். தீவில் ஒரு செல்போன் கோபுரத்தையும் அதற்கு முன்னால் ஒரு தென்னையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, கோடு பிசகினால் துடுப்புப் போட்டுத் திரும்புங்கள். அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் விலகிவிடுங்கள். இதை மீறினால் திட்டுவார்கள், நியாயம்தான்.

விழும்போது படுக்கை வாட்டில் விழுங்கள், கை கால் விரித்து, தட்டையாக. தலைகீழாகப் பாயாதீர்கள், கால் ஊன்றியும் குதிக்காதீர்கள். உள்ளே சுழலும்போது இரண்டு கையாலும் தலையைச் சுற்றி மூடிக்கொள்ளுங்கள், மேலே வரும்போதும் ஒரு கை தலைக்கு மேலே இருக்கட்டும், பலகை அங்கேதான் காத்திருக்கும். தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் எழுந்து நிற்காதீர்கள். கால் பவள இடுக்கில் மாட்டும், அடுத்த அலை வந்து தள்ளும். பலகை மேல் படுத்தபடியே கால்வாய்க்குப் போங்கள். லீஷ் பவளத்தில் சிக்கினால் கயிற்றை இழுத்துக்கொண்டு போராடாமல் கணுக்காலில் இருக்கிற பட்டையைப் பிரித்துவிடுங்கள். அந்தப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் பிரிக்கக் கோவளத்திலேயே பழகுங்கள்.

களைப்பு வந்தால் கடைசியாக ஒன்று என்று நினைக்காமல் தோணிக்குப் போய்விடுங்கள். பெரும்பாலான காயம் அந்தக் கடைசி ஒன்றில்தான்.

பவளத்தைப் பிடிக்கவோ உடைக்கவோ கூடாது, ஒரு துண்டைக்கூட நாட்டை விட்டு எடுத்துவரக் கூடாது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

9. கீறல்கள்

கீறல் நிச்சயம். சின்னதுதானே என்று விட்டால் இரண்டாம் நாள் வீங்கும், ஏனென்றால் பவளத் துகளும் கிருமியும் உள்ளே தங்கிவிடும். கடலிலிருந்து ஏறியதும் குடிதண்ணீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும் மெல்லிய பிரஷால் தேய்த்துத் துகளை எடுங்கள், பிறகு கிருமிநாசினி, கட்டு. எலுமிச்சை பிழியச் சொல்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். ஆழமான கீறல் என்றால் மறுநாள் தண்ணீரில் இறங்க வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே ஊரில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

ஊருக்கு வந்த பிறகும் ஒரு வாரம் காயத்தைப் பாருங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள், கடலில் பவளத்தில் பட்ட காயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், மருந்து அதைப் பொறுத்து மாறலாம். அங்கே சிகிச்சை எடுத்திருந்தால் அசல் ரசீது, மருத்துவர் எழுதிய சீட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தின் நகல் மூன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர்கள் பத்திரத்தில் சொல்லியிருக்கிற கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். ரசீதில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே விரித்து எழுதியிருக்கிறதா என்று அங்கேயே, கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, பார்த்து வாங்குங்கள்.